பல வருடம் நின்ற பழைய கார்: அறிகுறியைப் பிடித்துப் பழுதைத் தேடும் வழி

பழைய காரை வாங்கி வந்து நிறுத்தியதும் யாருக்கும் கை துறுதுறுக்கும். ஒரு பாட்டரியை மாட்டி, சாவியைத் திருப்பி, எஞ்சின் சத்தத்தை ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும். அந்த அவசரத்தில்தான் நன்றாக இருந்த எஞ்சினும் கெடுகிறது. நான் கீழே சொல்வதெல்லாம் கார்புரேட்டரும் பாயிண்டும் (பொறிக்காக மின்சாரத்தை விட்டு விட்டு இணைக்கும் சின்ன சுவிட்ச்) உள்ள பழைய பெட்ரோல் வண்டிக்கு. கம்ப்யூட்டர் வைத்த வண்டிகளின் கதை வேறு.

தேவையான கருவிகள் அதிகமில்லை. ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லாம்ப், சின்ன இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ், சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ், உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேடு, இவை இருந்தால் முக்கால்வாசிப் பழுதைக் கண்டுபிடித்துவிடலாம். இல்லாமல் முடியாத கருவி இன்னொன்றும் உண்டு: ஜாக் ஸ்டாண்டு. வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். பிளக், பாயிண்ட், காயில் (பொறிக்கு வேண்டிய உயர் வோல்ட்டை உண்டாக்குவது), கார்புரேட்டர் கிட் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், வண்டி ஓடினாலும் எது பழுது என்று தெரியாது. ஓடாவிட்டால் பழைய பழுதோடு புதுப் பழுதும் சேர்ந்திருக்கலாம். இன்று கிடைக்கிற கண்டென்சரும் (பாயிண்ட் எரியாமல் காக்கும் சின்ன உருளை) ரோட்டரும் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழன்று பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் அனுப்புவது) பெட்டியிலிருந்து எடுக்கும்போதே செத்திருப்பது உண்டு. அதனால் கழற்றிய பழையதைத் தூக்கி எறியாமல் பெயர் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் கையால் சுற்ற மறுக்கிறது

செல்ஃப் மோட்டாரைத் தொடும் முன் எல்லா பிளக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு, ஒரு நாள் ஊற விடுங்கள். அப்புறம் கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பானர் போட்டு, எஞ்சின் ஓடும் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். இரண்டு முழுச் சுற்று வந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

வரவில்லையா? உடனே எஞ்சின் பிடித்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பேன் பெல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். வாட்டர் பம்போ டைனமோவோ இறுகியிருக்கலாம். செல்ஃப் மோட்டாரின் பினியன் ஃபிளைவீல் பல்லில் சிக்கிக்கொண்டும் இருக்கலாம். டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் பெரும்பாலும் அது விடுபடும்.

அதற்கும் மசியாவிட்டால் பிஸ்டன் ரிங் துருவில் ஒட்டியிருக்கிறது. துருவிளக்கி ஆயிலையோ, ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்த கலவையையோ சிலிண்டரில் விட்டு, நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், கவனம். தினமும் ஸ்பானரை இரு திசையிலும் கொஞ்சம் அழுத்திப் பாருங்கள். நூல் அளவு அசைந்தாலும் போதும், மீதி தானாக வரும். செல்ஃப் மோட்டாரை அடித்தோ இன்னொரு வண்டியை வைத்து இழுத்தோ விடுவிக்கப் பார்த்தால் ரிங் உடையும். ஒரே ஒரு சிலிண்டரில் தண்ணீர் நின்று துரு வளையம் கட்டியிருந்தால் ஹெட்டைக் கழற்றுவதுதான் நேர்மையான வழி.

சுற்ற ஆரம்பித்ததும் ராக்கர் கவரைத் திறந்து, எல்லா வால்வும் ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள். வால்வு கைடில் ஒட்டிக்கொண்டு இறங்கிய நிலையிலேயே நின்றால் ராக்கர் தொளதொளவென்று ஆடும். அதைக் கவனிக்காமல் ஸ்டார்ட் செய்தால் புஷ் ராட் வளைந்துவிடும்.

சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம் மட்டும்

நல்ல பாட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பாட்டரியைச் சார்ஜ் செய்து மறுபடி பாருங்கள். பாட்டரி நன்றாக இருந்தும் 'டக்' என்றால் பலரும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றப் போவார்கள். நான் முதலில் எர்த்தை, அதாவது பாட்டரியிலிருந்து வண்டியின் இரும்புக்குப் போகும் இணைப்பைப் பார்ப்பேன்.

மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எர்த் முனையின் மேலேயே வையுங்கள், மேலே மாட்டியிருக்கும் கிளாம்பில் அல்ல. மற்றதை எஞ்சின் பிளாக்கில் சுத்தமான இரும்பில் வையுங்கள். இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழியில் எங்கோ தடை இருக்கிறது. மீட்டரின் முனையை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்திக்கொண்டே வந்தால் எந்த இணைப்பு என்பது வெட்டவெளிச்சமாகிவிடும். எஞ்சின் ரப்பர் மவுண்ட்டின் மேல் உட்கார்ந்திருப்பதால் அதற்கும் பாடிக்கும் இடையே ஒரு எர்த் பட்டை இருக்கும். பெயின்ட் அடித்த வண்டிகளில் அதைத் திரும்ப மாட்டாமல் விட்டிருப்பது சகஜம். அப்படி விட்டால் மின்சாரம் சோக் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். செல்ஃப் அடித்ததும் சோக் கேபிள் சூடாகிறது என்றால் சந்தேகமே வேண்டாம்.

இன்னொன்று. 1960-கள் வரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். பாட்டரியை மாட்டும் முன் அதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

இங்கேதான் எல்லோரும் கார்புரேட்டர் மேல் பாய்வார்கள். கழற்ற எளிது, பார்க்க அழகு, பழியும் அதன் மேலேயே விழும். ஆனால் தீப்பொறி இருக்கிறதா என்று தெரியாமல் கார்புரேட்டரைத் தொடாதீர்கள். கார்புரேட்டர் கோளாறு போலத் தெரிகிற பலவும் பாயிண்டிலும் கண்டென்சரிலும் போய் முடியும்.

காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கு வரும் நடு ஒயரை மூடியிலிருந்து உருவி, காப்பிட்ட பிடியால் பிடித்து, பிளாக்கிலிருந்து 5, 6 மில்லிமீட்டர் தள்ளி வைத்துச் செல்ஃப் அடியுங்கள். பக்கத்தில் பெட்ரோல் ஈரம் இருக்கக் கூடாது. நீலமாக, 'சடக் சடக்' என்று சத்தத்தோடு பாய்ந்தால் நல்ல பொறி. மஞ்சளாக, மெல்லிசாக வந்தால் கண்டென்சர், காயில், பாயிண்ட் மூன்றிலும் சந்தேகம்.

பொறியே இல்லையென்றால் டெஸ்ட் லாம்ப்பை எடுங்கள். நெகட்டிவ் எர்த் வண்டி என்று வைத்துக்கொள்வோம். இக்னிஷன் ஆன். லாம்ப்பின் ஒரு முனை எர்த்தில், மறுமுனை காயிலின் பாசிட்டிவ் முனையில். எரியவில்லை என்றால் பழுது சாவிக்கும் காயிலுக்கும் நடுவே. எரிந்தால் அடுத்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையில் வைத்துச் செல்ஃப் அடியுங்கள். லாம்ப் மினுக்கினால் பாயிண்ட் திறந்து மூடுகிறது. காயிலையோ கண்டென்சரையோ பார்க்கலாம். விடாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் மூடினாலும் மின்சாரம் கடக்கவில்லை. எரியவே இல்லையென்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது அந்த ஒயர் எங்கோ பாடியைத் தொடுகிறது, அல்லது கண்டென்சர் உள்ளே ஷார்ட், அல்லது காயிலின் உள்சுற்று அறுந்திருக்கிறது. பாயிண்ட்டை மாற்றும்போது அந்தக் குட்டி பிளாஸ்டிக் வாஷரை இடம் மாற்றிப் போட்டாலும் இதே அறிகுறிதான்.

பல வருடம் நின்ற வண்டியில் அதிகம் வருவது லாம்ப் விடாமல் எரியும் நிலை. பாயிண்ட்டை விரலால் விலக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். பார்வைக்குச் சுத்தமாகவே இருக்கும். ஆனால் முகத்தில் பளபளப்பு இருக்காது. சாம்பல் நிறத்தில், மூச்சுக்காற்று படிந்த கண்ணாடி போல ஒரு மங்கல் படிந்திருக்கும். அந்த ஆக்சைடு படலம் 12 வோல்ட்டைத் தடுக்கப் போதும். பாயிண்ட் ஃபைலால் இரண்டு இழுப்பு, அப்புறம் ஸ்பிரிட்டில் நனைத்த அட்டைத் துண்டை நடுவே வைத்து உருவினால் சரியாகிவிடும். எமரி தாள் வேண்டாம். அதன் துகள் முகத்தில் பதிந்து மறுபடி எரிக்கும்.

ஒரு முகத்தில் குழியும் எதிர் முகத்தில் மேடும் இருந்தால் புது பாயிண்ட் போடுவதே மேல். ஃபீலர் கேஜ் மேட்டின் உச்சியைத்தான் அளக்கும். உண்மையான இடைவெளி அதைவிட அதிகமாக இருக்கும். பொதுவாக இடைவெளி 0.35 முதல் 0.5 மில்லிமீட்டருக்குள் வரும், துல்லியமான அளவைக் கையேட்டில் பாருங்கள். பாயிண்ட்டின் குதி கேம் மேட்டின் உச்சியில் நிற்கும்போதுதான் அளக்க வேண்டும். இடைவெளி மாறினால் டைமிங்கும் (பொறி பாயும் நேரம்) மாறும். அதனால் முதலில் பாயிண்ட், பிறகுதான் டைமிங்.

பொறி நன்றாக இருந்தால் பெட்ரோலுக்கு வாருங்கள். ஏர் கிளீனரைக் கழற்றி, எஞ்சின் ஓடாத நிலையில் ஆக்சிலரேட்டரை இழுத்துப் பாருங்கள். பம்ப் உள்ள கார்புரேட்டர் என்றால் உள்ளே பெட்ரோல் பீய்ச்சுவது தெரியும். வறண்டு கிடந்தால் மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் இல்லை. கார்புரேட்டர் வாயில் ஒரு தேக்கரண்டி நல்ல பெட்ரோல் விட்டு, ஏர் கிளீனரைத் திரும்ப மாட்டிவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். சில விநாடி ஓடி நின்றால் பழுது டாங்கிலிருந்து மிதவை வரைக்கும் உள்ள வழியில்தான்.

பழைய பெட்ரோலை மூக்கே காட்டிக்கொடுக்கும். வார்னிஷ் நெடி அடிக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் இன்னும் மோசம். அது ஈரத்தை இழுத்துக்கொண்டு நாளடைவில் இரண்டு அடுக்காகப் பிரியும், தண்ணீரும் எத்தனாலும் டாங்கின் அடியில் போய்ச் சேரும். கார்புரேட்டர் பம்ப் எல்லாம் அந்தக் கலவையைத்தான் முதலில் குடிக்கும். மிதவைக் கிண்ணத்தைத் திறந்தால் அடியில் வெள்ளைப் பொடி படிந்திருப்பது இதனால்தான். ஈரம் உலோகத்தை அரித்த மிச்சம் அது. ஜெட்டை (பெட்ரோல் அளவாக வரும் நுண்துளை) ஸ்பிரிட்டும் காற்றும் கொண்டு சுத்தம் செய்யுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் ஓட்டை பெரிதாகி, பிறகு என்ன டியூன் செய்தாலும் சரிவராது.

இயந்திர பெட்ரோல் பம்ப் இருக்கும் வண்டியில் டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் பம்பின் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்பில் இறங்கியிருக்கலாம். அந்த ஆயிலோடு எஞ்சினை ஓட்டவே கூடாது.

பொறியும் இருக்கிறது, பெட்ரோலும் இருக்கிறது, கார்புரேட்டர் வழியாகத் துப்புகிறது, சைலன்சரில் வெடிக்கிறது என்றால் டைமிங் அல்லது ஒயர் வரிசை தப்பு. நான்கு சிலிண்டர் எஞ்சினில் பொறி போகும் வரிசை பெரும்பாலும் 1-3-4-2, சிலவற்றில் 1-2-4-3. முதல் சிலிண்டரின் பிளக் ஓட்டையில் விரலை வைத்து எஞ்சினைச் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளும்போது டைமிங் குறியும் நேராக வந்தால் அதுதான் வெடிக்க வேண்டிய இடம். அப்போது ரோட்டர் முதல் பிளக்கின் ஒயரைப் பார்த்து நிற்க வேண்டும். நேர் எதிர்ப்பக்கம் பார்த்தால் யாரோ டிஸ்ட்ரிபியூட்டரை அரைச்சுற்று மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

கடைசியாகக் கம்ப்ரஷன். எல்லா பிளக்கையும் கழற்றி, காயிலின் ஒயரைப் பிரித்து, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு அளக்க வேண்டும். எண் எவ்வளவு என்பதைவிட, சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் எவ்வளவு என்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் குறைவாக இருந்தால் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் குறைவென்றால் நடுவே ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. பல வருடம் நின்ற எஞ்சினில் முதல் அளவை வைத்து மனம் உடைய வேண்டாம். கொஞ்ச நேரம் ஓடிய பிறகு ஒட்டியிருந்த ரிங் விடுபட்டு அளவு ஏறுவது உண்டு.

பிடிக்கிறது, சாவியை விட்டதும் நிற்கிறது

செல்ஃப் சுற்றும்வரை ஓடி, சாவியை விட்ட அந்தக் கணமே அணைந்தால் கார்புரேட்டரைப் பார்க்கவே வேண்டாம். பல வண்டிகளில் காயிலுக்கு முன்னால் ஒரு பாலஸ்ட் ரெசிஸ்டர் இருக்கும். செல்ஃப் அடிக்கும்போது மட்டும் அதைத் தாண்டி முழு வோல்ட் போகும், சாவியை விட்டதும் ரெசிஸ்டர் வழியாகப் போகும். அது அறுந்திருந்தால் இதே கதைதான்.

சில விநாடி ஓடி, மெல்ல இறங்கி நின்றால் காற்று அதிகமாகப் போகிறது அல்லது பெட்ரோல் குறைவாக வருகிறது. சோக்கை இழுத்து வைத்தால் மட்டும் ஓடுகிறதா? ஐடில் ஜெட் அடைத்திருக்கலாம், அல்லது எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. மேனிஃபோல்டில் வாக்குவம் கேஜ் மாட்டினால், நல்ல எஞ்சின் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காத நிலையில்) 17 முதல் 21 பாதரச அங்குலம் வரை அசையாமல் காட்டும். பிரேக் சர்வோவுக்கு (காலின் விசையைக் கூட்டும் கருவி) போகும் ஹோஸை ஒரு நொடி நெரித்துப் பாருங்கள். ஐடில் சீரானால் சர்வோவிலோ அந்த ஹோஸிலோ ஓட்டை. திராட்டில் அச்சு தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க, அச்சின் முனையில் இரண்டு சொட்டு ஆயில் விடுங்கள். ஐடில் கொஞ்ச நேரம் மாறினால் அங்கேதான் காற்று நுழைகிறது. கார்புரேட்டர் கிளீனரைச் சூடான எஞ்சின் மேல் பீய்ச்சித் தேடும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. பக்கத்திலேயே சைலன்சர் மேனிஃபோல்டு கொதித்துக்கொண்டிருக்கும்.

சூடானதும் நிற்கிறது, ஆறினால் மறுபடி ஓடுகிறது

பழைய வண்டியில் மனிதனை அதிகம் அலைக்கழிக்கும் அறிகுறி இதுதான். நான்கு வெவ்வேறு காரணங்கள் ஒரே முகத்தோடு வரும். காயில் சூட்டில் உள்ளே அறுபடும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். கண்டென்சரும் அப்படியே. கார்புரேட்டருக்குப் போகும் குழாயில் பெட்ரோல் ஆவியாகி, பம்ப் ஆவியைத் தள்ள முடியாமல் திணறும். நான்காவது, டாங்கின் மூச்சு ஓட்டை அடைத்திருக்கும். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி வரத்து நிற்கும்.

நின்றுபோன அந்த நிமிடத்தில் சோதித்தால்தான் விடை கிடைக்கும். அதனால் ஓட்டிப் பார்க்கக் கிளம்பும்போதே ஒரு பழைய பிளக்கும் டார்ச்சும் கையில் இருக்கட்டும். நின்றவுடன் முதலில் டாங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் மூச்சு ஓட்டைதான். இல்லையென்றால் ஒரு பிளக் ஒயரைக் கழற்றி, கொண்டுவந்த பிளக்கில் மாட்டி, அதன் இரும்பைப் பிளாக்கில் வைத்துச் செல்ஃப் அடியுங்கள். பொறி இல்லை அல்லது மங்கலாக இருக்கிறது என்றால் காயில், கண்டென்சர். இரண்டில் கண்டென்சரை முதலில் மாற்றிப் பாருங்கள்; சின்னப் பொருள், மாற்றுவதும் எளிது. பொறி நன்றாக இருந்தால் பெட்ரோல் வழி.

பெட்ரோல் வழியிலும் ஒரு தந்திரக்காரன் உண்டு. டாங்கில் உதிர்ந்த துரு உறிஞ்சு குழாயின் வாயில் போய் ஒட்டும், வண்டி நிற்கும், உறிஞ்சல் நின்றதும் துரு கீழே விழும், பத்து நிமிடத்தில் வண்டி ஓடும். பார்க்க அச்சு அசலாகச் சூட்டுப் பழுது. அடையாளம் ஒன்றே: எஞ்சின் சூடாகாதபோதும், மேடு ஏறும்போதோ வேகமாகப் போகும்போதோ இது வரும். ஃபில்டரில் செம்பழுப்புத் தூள் தெரிந்தால் டாங்க்கை இறக்கிக் கழுவாமல் தீராது. ஃபில்டர் மேல் ஃபில்டர் போடுவது நாளைத் தள்ளும் வேலை. பழைய ரப்பர் ஹோஸ் உள்பக்கம் உரிந்து, அந்தத் தோல் மடங்கி அடைப்பதும் இதே மாதிரி ஏமாற்றும். வெளியே பார்த்தால் ஹோஸ் புதுசு போலவே இருக்கும்.

மேடு ஏறும்போது மிஸ்ஸிங், பிக்கப் இல்லை

இருட்டில் பானட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். ஒயர்களின் மேல் நீலப் பொறி ஓடினால் ஒயர் செட் மாற்ற வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உள்ளே பென்சிலால் கிறுக்கியது போல மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால் அது விரிசல் வழியே பொறி ஓடிய தடம். துடைத்தாலும் திரும்ப வரும், மூடியை மாற்றிவிடுங்கள். ரோட்டரை விரலால் திருப்பி விடுங்கள், ஸ்பிரிங் போலத் திரும்பி வர வேண்டும். வரவில்லை என்றால் அடியில் உள்ள எடைகள் துருப்பிடித்து, வேகம் கூடும்போது பொறியை முன்னதாக்கும் அட்வான்ஸ் வேலை செய்யவில்லை. இத்தனைக்கும் பிறகுதான் மெயின் ஜெட்.

புகை

பெட்ரோல் அதிகமானால் கறுப்பு. ஆயில் எரிந்தால் நீலம். இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கும்போது நீலப் புகை ஒரு கொத்தாக வந்தால் வால்வு கைடு. இழுக்கும்போதெல்லாம் வந்தால் ரிங். குளிரில் காலையில் வரும் வெள்ளை ஆவி சாதாரணம். எஞ்சின் சூடான பிறகும் வெள்ளையாக, இனிப்பு வாசனையோடு வந்தால் கூலண்ட் எரிகிறது.

ஓவர்ஹீட்

நிற்கும்போது மட்டும் சூடேறினால் பேன், பெல்ட், டைமிங். ஓடும்போது ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு. எஞ்சின் சூடான பின் ரேடியேட்டரின் மேல் பரப்பைக் கையால் தொடாமல், வெப்பமானியால் இடம் இடமாகப் பாருங்கள். நடுவே குளிர்ந்த திட்டு இருந்தால் அந்தக் குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை. தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சினால் தன் மேல் எழுதியிருக்கும் டிகிரியை ஒட்டி, பெரும்பாலும் 82-க்கும் 88-க்கும் நடுவே, திறக்க வேண்டும். அதைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுவது வைத்தியம் ஆகாது.

குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்ததுமே ரேடியேட்டரில் குமிழி விடாமல் வந்தால் ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகம். நீலத் திரவம் மஞ்சளாக மாறும் அந்தச் சோதனைக் குப்பியை வைத்து உறுதி செய்துகொண்டு ஹெட்டைக் கழற்றுங்கள். நீண்ட நாள் நின்ற பிளாக்கில் கடைசிச் சிலிண்டரைச் சுற்றிச் சேறு போலத் துரு தங்கியிருக்கும். பிளாக்கின் வடிகுழாயைத் திறந்தும் ஒன்றும் வரவில்லையென்றால் தண்ணீர் இல்லை என்று நினைக்காதீர்கள். ஓட்டையே அடைத்திருக்கிறது.

கிளட்ச் மிதித்தும் கியர் விழவில்லை

ஹைட்ராலிக் சரியாக இருந்தும் கியர் கரகரத்தால் கிளட்ச் பிளேட் துருவில் ஃபிளைவீலோடு ஒட்டியிருக்கிறது. எஞ்சினை நன்றாகச் சூடாக்கி அணையுங்கள். முன்னால் யாரும், எதுவும் இல்லாத வெளியில், டாப் கியரில், கிளட்ச்சை மிதித்தபடி, கைப்பிரேக்கும் கால்பிரேக்கும் பிடித்துச் செல்ஃப் அடித்தால் பல நேரம் 'டப்' என்று விடும். பிரேக் வேலை செய்கிறது என்று உறுதியான பிறகுதான் இதைச் செய்ய வேண்டும்.

பிரேக்: பெடல் என்ன சொல்கிறது

எஞ்சின் ஓட ஆரம்பித்த குஷியில் பிரேக்கைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளுவார்கள். என் வரிசையில் பிரேக்தான் முதலில், எஞ்சின் அப்புறம். பாட்டரி ஏறும் நேரத்திலேயே சக்கரங்களைக் கழற்றிவிடலாம்.

பெடலை மிதித்துப் பிடித்தால் மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்குகிறது, வெளியே எங்கும் கசிவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல். பஞ்சு போல அமுங்கி, இரண்டு மூன்று தடவை அடித்தால் மேலே வந்தால் குழாயில் காற்று. பெடல் கல் மாதிரி இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் சர்வோ, அல்லது பிஸ்டன்கள் துருவில் இறுகியிருக்கின்றன.

வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, அல்லது பிரேக்கை விட்ட பிறகும் ஒரு சக்கரம் பிடித்துக்கொண்டே இருக்கிறது. இதில் பலரும் கேலிப்பரைப் பிரித்து, சீல் மாற்றி, மறுபடி அதே இழுப்போடு நிற்பார்கள். ரப்பர் ஹோஸைப் பாருங்கள். பழைய ஹோஸ் உள்ளே உப்பி வழி சுருங்கியிருக்கும். நீங்கள் மிதிக்கும் விசையில் ஆயில் போய்விடும், திரும்பி வர அந்த விசை இல்லாததால் மாட்டிக்கொள்ளும். சோதிக்க எளிய வழி: சக்கரத்தை ஸ்டாண்டில் தூக்கி, பிரேக்கை மிதித்து விட்டு, சக்கரம் இறுகியிருக்கும்போதே பிளீட் நிப்பிளை (பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றும் சின்னத் திருகு) திறங்கள். ஆயில் பீய்ச்சி, சக்கரம் உடனே விட்டால் மேலே எங்கோ அழுத்தம் சிறைப்பட்டிருந்தது, ஹோஸை மாற்றுங்கள். திறந்த பிறகும் இறுகியே இருந்தால்தான் கேலிப்பர்.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரகப் புது பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155. பத்து வருடம் நின்ற வண்டியில் பழைய ஆயிலை அப்படியே நம்ப முடியாது, முழுதாக மாற்றுங்கள். சிலிக்கான் வகையான டாட் 5-ஐ மற்றவற்றோடு கலக்கக் கூடாது. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்துத் தூசியைக் கிளப்பாதீர்கள். ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

ஸ்டியரிங் ஆட்டம், டயர்

முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தட்டுகிறதா? பேரிங், பால் ஜாயிண்ட் அல்லது கிங் பின். ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங். இடம் வலமாக ஆடினால் டை ராட் முனை. டயரில் பட்டன் எவ்வளவு இருந்தாலும் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் 2319 என்று நான்கு இலக்கம் இருந்தால் 2019-இன் 23-ஆவது வாரம். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர், அதில் வண்டியைத் தள்ளி நிறுத்தலாம், ஓட்டக் கூடாது.

கதவு சரியாக மூடவில்லை, தரையில் ஈரம்

எஞ்சின் எப்படியும் சரியாகிவிடும். வண்டியை முடிப்பதா கைவிடுவதா என்று தீர்மானிப்பது துருதான். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி பாடி முழுக்க நகர்த்துங்கள். பிடி விடுகிற இடத்தில் இரும்பு இல்லை, பட்டிதான் இருக்கிறது. பாட்டரித் தட்டின் அடி, முன் கண்ணாடியின் கீழ் மூலை, கதவின் அடி விளிம்பு, ஸ்பிரிங் மாட்டும் இடம், இவற்றைத் திருப்புளியால் அழுத்திப் பாருங்கள். பெயின்ட் குமிழ் சின்னதாகத் தெரிந்தால் உள்ளே அழுகல் அதைவிடப் பல மடங்கு பெரிது.

வாங்கும் முன்பே செய்ய வேண்டிய சோதனை ஒன்று. கதவை மூடி, ஜாக் போடும் இடத்தில் வைத்து ஒரு பக்கத்தைத் தூக்குங்கள். தூக்கியபின் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். இடைவெளி மாறி கதவு இடித்தால் கதவுக்கு அடியில் ஓடும் பெட்டிச் சட்டம் பலம் இழந்துவிட்டது. அந்த வண்டியை எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் அழுகலை அறுக்கும் முன் கதவு வாசலின் குறுக்கே இரும்புக் குழாயை வெல்டு செய்து வாசலின் அளவைப் பூட்டிவிடுங்கள். ஒரு பக்கம் முழுதாக முடிந்து, கதவை மாட்டி, இடைவெளி சரியாக இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் மறுபக்கம் கட்டிங் வீலை எடுக்க வேண்டும்.